வெள்ளைச் சட்டையில் விழுந்த புள்ளி

பொறாமை எனக்குப் புதிதல்ல. தங்கைக்கு என்னைவிட நீளமான முடி என்பதற்காகவே அவளோடு மாதக்கணக்கில் முகம்கொடுத்துப் பேசாதவள் நான். ஆனால் அடுத்தவள் கேமராவைப் பார்த்து வயிறு எரிந்தது நான் வேலை பார்க்கும் மண்ணரை பனியன் கம்பெனியில்தான்.

குழந்தைகள் உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. சாம்பிள் சட்டைகளைப் படமெடுத்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்புவது என் வேலை. ஆறு வருடம் நான் ஒருத்திதான். பிறகு செக்கிங் டேபிளில் கறை பார்த்துக்கொண்டிருந்த ஒரு திருநெல்வேலிப் பெண்ணையும் முதலாளி படமெடுக்கச் சொன்னார். என்னுடையதைப் போலவே இன்னொரு கேமரா வாங்கிக் கொடுத்தார். சீசன் முடிந்ததும் ஒருத்திதான், யார் படம் சுத்தமோ அவளுக்கே வேலை, மற்றவளுக்கு செக்கிங் டேபிள் என்றும் சொல்லிவிட்டார்.

அவள் படங்கள் அவ்வளவு சுத்தம். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் படங்களில் மட்டும் எந்தச் சட்டையை எடுத்தாலும் அதே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் தூசி உட்கார்ந்திருந்தது. பஞ்சு பறக்கிற இடத்தில் லென்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் வேறென்ன ஆகும்?

எங்கள் கம்பெனியில் தூசிக்கு ஒரே வைத்தியம் ஏர் கன். மெஷினில் அடைந்த பஞ்சை அதில்தான் ஊதுவோம். சாயங்காலம் வரிசையில் நின்று தலையையும் சேலையையும் ஊதிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவோம். அந்தப் பழக்கத்தில் நானும் கேமராவைத் திறந்து ஒரு ஊது ஊதினேன். கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் கலந்து வரும் என்பது என் புத்திக்கு உறைக்கவில்லை. ஒரு புள்ளி பத்துப் புள்ளியானது. அதைச் சரியாகப் பார்க்காமல் படங்களை அனுப்பியும் தொலைத்தேன்.

வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை என்று பையரிடமிருந்து மெயில் வந்தது. லாட்டையே நிறுத்திவிட்டு, செக்கிங் பெண்கள் சட்டை சட்டையாகப் புரட்டினார்கள். கறை துணியில் இல்லை, கேமராவில்தான் என்று கண்டுபிடித்தவள் யார்? அவளேதான்.

"லென்ஸை அடிக்கடி கழட்டுவியளாக்கா? எனக்குப் பயம். நான் ஒருநாளும் கழட்டினதில்ல" என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். எனக்குக் காது வரை எரிந்தது.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் கண்ணு" என்று சிரித்து வைத்தேன்.

கோயம்புத்தூரில் கொடுத்து என் கேமராவைத் துடைத்து வாங்கி வந்தேன். புள்ளி போய்விட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். மனசு ஆறினால்தானே. ஒருநாள் அவள் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு பேங்குக்குப் போயிருந்தாள். அவள் கேமராவை, பஞ்சு பறக்க ஓடிக்கொண்டிருந்த ஓவர்லாக் தையல் மெஷின்களுக்கு நடுவே கொண்டுபோய் லென்ஸைக் கழற்றினேன். நூறு எண்ணும்வரை அப்படியே திறந்து பிடித்திருந்தேன். யாராவது கேட்டால் துடைக்கிறேன் என்று சொல்லப் பொய்யும் தயாராக இருந்தது. யாரும் கேட்கவில்லை.

சீசன் முடிந்த சனிக்கிழமை முதலாளி இருவர் படங்களையும் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார். அவளுடைய எல்லாப் படத்திலும் ஒரு பஞ்சு இழை புழுவைப் போல நெளிந்து கிடந்தது.

"ஏனம்மிணி, இதெப்படி வந்துச்சு?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "தெரியல சார். நான்தான் எங்கயோ கவனமில்லாம இருந்துட்டேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"புதுசில்லீங்களா. பழகற வரைக்கும் அப்படித்தானுங்க வரும்" என்றேன் முதலாளியிடம். வேலை எனக்கென்று அப்போதே முடிவாகிவிட்டது.

திங்கட்கிழமை அவள் செக்கிங் டேபிளுக்குத் திரும்பிப் போனாள். போவதற்கு முன் என்னிடம் வந்து, "அன்னைக்கு சார்கிட்ட எனக்காகப் பேசுனியள்லாக்கா, அதுவே போதும்" என்றாள்.

அந்த நிமிஷத்திலும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. என்னை இப்படி நம்ப அவளால் முடிந்ததே.