எந்த அம்மாவைக் கூப்பிட்டாள்?

கொரோனா அடங்கி, பள்ளிக்கூடங்கள் எல்லாம் மறுபடி திறந்த வருடம் நடந்தது இது. இடம், அபிராமபுரத்தில் ஒரு ப்ளே ஸ்கூல். பள்ளியின் பெயரும் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் படித்தால் அவர்களுக்கே புரியும். படிக்காவிட்டாலும் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

அப்போது எனக்கு நாற்பது வயது. மேற்கு மாம்பலத்தில் வீடு. குழந்தை இல்லை. அதற்காக ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகளைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. 'போதும், விட்டுடலாம்' என்று நானும் என் கணவரும் ஒரு நாள் முடிவு செய்தோம், அவ்வளவுதான். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல், தி.நகரில் மழலையர் ஆசிரியைகளுக்கான ஒரு வருட டிப்ளமோவில் சேர்ந்தேன். என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏன் அண்ணி, ஒரு கிண்ணத்துப் பருப்பை இன்னொரு கிண்ணத்துல அள்ளிப் போடறதுக்கா ஃபீஸ் கட்டிப் படிக்கறீங்க?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. பருப்பை ஸ்பூனால் அள்ளிச் சிந்தாமல் மாற்றுவது, பொத்தான் போடுவது, சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி வைப்பது, இதெல்லாம்தான் பாடம். குழந்தைக்குக் கை நிதானம் வருவது அதில்தான். மதியத்துக்குமேல் பாட்டு வகுப்பு. என்னைவிட மூத்த பெண்கள் இரண்டு பேர் உட்பட நாங்கள் எல்லோரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தவளை மாதிரி குதிப்போம். முட்டி வலியோடு ரயில்வே பாலத்தில் ஏறி இறங்கி வீட்டுக்கு வருவேன். ஆனால் மனசு லேசாக இருக்கும். பி.காம். படித்தபோது ஒரு நாள்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

வகுப்பில் எங்கள் ஆசிரியை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். புதிதாக வரும் குழந்தைக்கு அந்த அறையில் நம்பிப் பிடித்துக்கொள்ள ஒரு முகம் வேண்டும், நீங்கள் அந்த முகமாக இருங்கள், முதலில் அணைத்துக்கொள்ளுங்கள், பிறகு மெதுவாக விடுங்கள் என்பார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

வருடத்தின் பின்பாதியில் ஏதாவது ஒரு பள்ளியில் பயிற்சிக்குப் போக வேண்டும். ஒழுங்காகப் பயிற்சி முடித்தாள் என்று அந்தப் பள்ளி முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் டிப்ளமோ. இல்லையென்றால் வருடம் பாழ். எனக்குக் கிடைத்தது அந்த அபிராமபுரம் பள்ளி. முதல் நாளே முதல்வர் அம்மா என்னைக் கேட்டார்.

"உங்களுக்குப் பசங்க?"

"இல்ல மேடம்."

"ஓ... அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான். பையனுக்கு ஜுரம், பொண்ணுக்குப் பரீட்சைன்னு லீவு கேக்க மாட்டீங்க."

நானும் அவரோடு சேர்ந்து சிரித்து வைத்தேன். இப்படிச் சிரித்துச் சிரித்துப் பழகிப்போன முகம் என்னுடையது.

அந்தக் குட்டி வந்து சேர்ந்தது நான் போன இரண்டாவது வாரம். இரண்டரை வயது. லாக்டவுனில் வளர்ந்த குழந்தை, அப்பா அம்மாவைத் தவிர வேறு முகத்தை அதிகம் பார்த்ததில்லை. அம்மாவுக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் அதுவரை அவள் இடுப்பை விட்டே இறங்காமல் இருந்திருக்கிறாள். திடீரென்று ஆபீஸ் கூப்பிட்டுவிட்டது. காலையில் கொண்டுவந்து விட்டால் மாலை ஆறு மணிக்குத்தான் கூட்டிப்போவார்கள், அதுவும் பெரும்பாலும் அப்பாதான் வருவார்.

அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. அழுது, இருமி, கடைசியில் வாந்தி எடுத்துவிடுவாள். யார் தொட்டாலும் கையைத் தட்டிவிட்டு, கேட்டைப் பார்த்தபடி ஜன்னல் ஓரமாகவே நிற்பாள். நான் அவளைத் தூக்கப் போகவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல், என் பாட்டுக்குப் பருப்பை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் சீந்தவே இல்லை. மறுநாள் என் கையிலிருந்து ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாள். நாத்தனார் கேலி செய்த அதே பருப்புதான்.

அப்புறம் மடிக்கு வந்தாள். நான் ஊட்டினால் சாப்பிட்டாள். என் தோளில் சாய்ந்தால்தான் மத்தியானத் தூக்கம். ஒரு நாள் சாப்பிட்ட கையைக் குழாயடியில் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, போதும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மிஸ்னு சொல்லு குட்டி. அம்மா ஆபீஸ்ல இருக்காங்க, சாயந்திரம் வருவாங்க" என்றேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஆயா பார்த்துவிட்டுச் சிரித்தார். பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறவர், மீன்பிடிக் குடும்பம், இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, உன்னயப் போய் அம்மான்னுது இந்தக் கொயந்த! நானும் இம்மா வருசமா இங்கதான் கீறேன், என்ன ஒண்ணும் அப்டிக் கூப்ட்டதில்ல."

அதன் பிறகு தினமும் இதே கதைதான். ஒவ்வொரு தடவையும் திருத்தினேன். "மிஸ்" என்று தலையாட்டுவாள், அடுத்த நிமிஷம் மறுபடி "அம்மா". ஆயா பக்கத்திலேயே இருந்து ரசிப்பார். எனக்குள் இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். மாலை பஸ்ஸில் நெரிசலில் நசுங்கிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகம் வாடிவிடுமோ என்று பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் குழந்தையின் அம்மா எதிர்பாராமல் வந்தார். மகளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று அரைநாள் லீவு போட்டுவிட்டு, கையில் ஒரு பலூனோடு வந்திருந்தார். அரைநாள் வகுப்புக் குழந்தைகளைக் கூட்டிப்போக மற்ற தாய்மார்களும் கேட்டருகே நின்றிருந்த நேரம். தூக்கக் கலக்கத்தில் இருந்த குட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். "யார் வந்திருக்காங்க பாரு!" என்று நானும் உற்சாகமாகத்தான் சொன்னேன். அவர் இரண்டு கையையும் நீட்டினார். குட்டி பார்த்தாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை என் தோளில் புதைத்து, "அம்மா, வேணாம்" என்றாள்.

தூக்கக் கலக்கத்தில் எந்தக் குழந்தையும் செய்வதுதான். இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் பலூனைப் பிடிக்கத் தாவியிருப்பாள். அதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு தாய், "உங்க பொண்ணு ஆளையே மாத்திட்டா போலிருக்கே!" என்று சிரித்தார். நாலு பேர் கூடச் சிரித்தார்கள். அந்த அம்மாவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். குழந்தையை என்னிடமிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போனார். பலூன் கேட்டிலேயே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். குழந்தையின் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். என்னை உட்காரச் சொல்லவில்லை. அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"என் பொண்ணு என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டா. இவங்களுக்குக் குழந்தை இல்லையாமே? அதான் என் குழந்தைக்கு அம்மான்னு சொல்லிக் குடுத்திருக்காங்க."

அப்பா செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் குழந்தை இல்லை என்பது அந்தப் பள்ளியில் முதல்வர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முன்பு நல்லதாகப் பட்டது இப்போது குற்றமாகிவிட்டது.

வகுப்பறைகளில் கேமரா உண்டு. அதன் பதிவை எல்லோருக்குமாக ஓட்டிக் காட்டினார்கள். நான் ஊட்டுகிறேன், தலை வாருகிறேன், தோளில் போட்டுத் தட்டுகிறேன். எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறேன். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கே அது யாரோ ஒரு திருடி மாதிரி தெரிந்தது. கேமராவுக்குக் காது இல்லை. நான் 'மிஸ்னு சொல்லு' என்று திருத்தியது ஒன்றுகூட அதில் கேட்கவில்லை.

"நான் ஒவ்வொரு தடவையும் திருத்தினேன் மேடம். ஆயாம்மாவைக் கேளுங்க" என்றேன். ஆயாவைக் கூப்பிட்டார்கள். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான் இன்னாத்த கண்டேன் மேடம்? நான் பாட்டுக்குச் சமையக்கட்டுல கீறேன். அந்தம்மாதான் கொயந்தய எப்பவும் தூக்கி வச்சிக்கினு இருப்பாங்க."

முதல்வர் பெற்றோர்களைப் பார்த்து, "இவங்க ட்ரெய்னிதான், எங்க ஸ்டாஃப் இல்ல. நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவர்கள் போன பிறகு குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம் பேசினார்.

"நீங்க தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியும். ஆனா பேரன்ட்ஸ் மனசு கோணக்கூடாது பாருங்க. மிச்ச நாளுக்குப் பக்கத்து ரூம்ல சார்ட் வேலை பாருங்க. அந்தக் குழந்தை கண்ணுல மட்டும் படாதீங்க. நான் சைன் பண்ணிக் குடுத்துடறேன்."

தெரிந்துகொண்டே செய்தார் என்பதுதான் என்னை அறுத்தது. ஆயா அன்று மாலை கேட்டருகே என்னை மறித்து, "கோச்சுக்காதம்மா. எனக்கு இந்த வேல ஒண்ணுதான் கீது. உனக்கு வூட்டுக்காரரு சம்பாரிச்சுப் போடுறாரு" என்றார். நியாயம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை, இன்றுவரை ஆறவில்லை.

மறுநாள் காலை பக்கத்து அறையில் உட்கார்ந்து பச்சைக் காகிதத்தில் இலைகள் வெட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு. கதவின் கொக்கி என் பக்கம்தான் இருந்தது. குட்டி வந்தது அவளுடைய ஷூ சத்தத்திலேயே தெரிந்தது. அறை முழுக்கத் தேடியிருப்பாள் என்று நினைக்கிறேன். பிறகு அழுகை ஆரம்பித்தது.

"அம்மா... அம்மா..."

என் இடத்தில் போட்டிருந்த சின்ன வயது மிஸ் ஏதோ பாட்டுப் பாடிப் பார்த்தாள். "தோ, வந்துடுவாங்க கண்ணு, உங்கம்மா ஆபீஸுக்குப் போய்க்கிறாங்க" என்று ஆயா சமாதானம் சொன்னார். அழுகை இருமலாக மாறியது. அடுத்தது வாந்தி என்று எனக்குத் தெரியும். அவளை நிமிர்த்திப் பிடித்து, முதுகை மேலிருந்து கீழாக நீவிவிட்டால் அடங்கிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். கதவைத் திறந்து போனால் டிப்ளமோ போய்விடும். டிப்ளமோ போனால்கூடப் பரவாயில்லை, 'குழந்தை இல்லாதவ, அதான்' என்ற பேச்சு தி.நகர் வகுப்பு வரைக்கும் வந்து சேரும். அதை இன்னொரு அறையில் நின்றுகொண்டு கேட்க எனக்குத் தெம்பில்லை. நான் இலை வெட்டிக்கொண்டிருந்தேன். குட்டி வாந்தி எடுத்தாள். வாளியும் தண்ணீரும் பினாயில் வாசனையுமாக அந்தக் காலை முடிந்தது.

அவள் கூப்பிட்டது பெற்ற தாயைத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். அவர் ஆபீஸில் இருந்தார், நான் நாலடி தூரத்தில் இருந்தேன். எந்த அம்மாவைக் கூப்பிட்டாள் என்பது அந்தக் குழந்தையைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளுக்கும் இப்போது நினைவிருக்காது.

அந்த வாரக் கடைசியில் அழுகை நின்றுவிட்டது. "பாத்தீங்களா, செட்டில் ஆயிட்டா" என்று முதல்வர் பெருமையாகச் சொன்னார். அன்றைக்குக் கோந்து எடுக்க வராந்தாவுக்குப் போனபோது அவள் வகுப்பின் கதவு திறந்திருந்தது. பாயில் உட்கார்ந்திருந்த குட்டி என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். ஓடி வருவாள் என்று பயந்தேன், ஓடி வர வேண்டும் என்று ஆசையும் பட்டேன். அவள் வரவில்லை. தலையைக் குனிந்து, முன்னால் இருந்த கிண்ணத்தில் பருப்பை அள்ளிப் போட ஆரம்பித்தாள். ஒன்றுகூடச் சிந்தவில்லை. இரண்டரை வயதில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

முதல்வர் சொன்னபடி கையெழுத்துப் போட்டார். டிப்ளமோ வந்தது, நல்ல மதிப்பெண். வீட்டில் பாயசம் வைத்தார்கள். நாத்தனார் கேலியை எல்லாம் விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தாயின் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த இடத்தில் நான் இருந்ததே இல்லை, அதனால் பதில் கிடைக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டருகே சிரித்தவர்கள் மேல் உண்டு. உண்மை தெரிந்தும் கையெழுத்தை நீட்டிப் பேரம் பேசியவர் மேல் நிறையவே உண்டு.

இப்போது அடையாறில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நல்ல மிஸ் என்று பெயர். புதிதாக வரும் குழந்தை என் மடியில் ஏறினால் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிப் பக்கத்தில் பாயில் உட்கார வைத்துவிடுவேன். 'அம்மா' என்று வாயெடுத்தால், முடிப்பதற்குள் 'மிஸ்' என்று திருத்திவிடுவேன். "நீங்க ரொம்ப ப்ரொஃபஷனல் மேம்" என்று போன வாரம்கூட ஒரு தாய் மெச்சிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம், அன்று கதவுக்கு இந்தப் பக்கம் இலை வெட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.