படுதாவின் நாலாவது மூலை

பொதுச் சார்பியல் கோட்பாட்டை ஊர்மக்களுக்கு விளக்கி முதல் பரிசு வாங்கியவன் நான். வாங்கிய அன்று அதில் ஒரு வரிகூட எனக்குப் புரிந்திருக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்றைக்கும் யாராவது கனத்த குரலில் "பிரபஞ்சம்" என்று ஆரம்பித்தால் என் மூக்கில் கடலைத் தூசிதான் ஏறுகிறது. காய்ந்த கொடியும் செம்மண்ணும் கலந்த, தும்மலுக்குச் சற்று முன்னால் வந்து நின்றுகொள்கிற அந்த நெடி.

ஏனென்றால் எங்கள் பிரபஞ்சம் ஒரு "படுதா". கறம்பக்குடிப் பக்கம் கடலை காயப்போடுகிற தார்ப்பாய். பத்தாம் வகுப்பில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, அதன் மூலைகளை நான்கு பேர் இழுத்துப் பிடித்துக்கொள்ள, விளையாட்டு அறையின் இரும்புக் குண்டை நடுவில் வைப்போம். படுதா குழியும். ஓரத்தில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டால் அது குழியைச் சுற்றிச் சுற்றி வந்து குண்டில் போய் முட்டிக்கொள்ளும். "சூரியன் வெளியை வளைக்கிறது, அந்த வளைவில் பூமி சுற்றுகிறது" என்று நான் மூங்கில் குச்சியால் சுட்டிக்காட்டி முழங்க வேண்டும். ஏதோ ஒரு பயிற்சி முகாமில் பார்த்துவிட்டு வந்து எங்கள் அறிவியல் சார் ஏற்பாடு செய்த வித்தை இது.

படுதாவைக் கொண்டுவந்தவள் என் வகுப்புத் தெய்வானை. படுதாவை மட்டுமல்ல, ஒரு பரங்கிக்காயையும் கொண்டுவந்திருந்தாள். நூலகத்தில் எவரும் தொடாத ஒரு புத்தகத்தை இரண்டு மாதம் வைத்துப் படித்துவிட்டு, ஒத்திகை நாளில் காயை மேஜைமேல் வைத்தாள்.

"சார், காயோட நடு வயித்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு எறும்ப விடுறோம். ரெண்டும் அதது வரிப்பள்ளத்தோட நேராக் காம்பப் பாத்துப் போகுது. அங்கிட்டு இங்கிட்டுத் திரும்பல. யாரும் இழுக்கவும் இல்ல. ஆனா காம்புகிட்ட வந்தா ரெண்டும் ஒட்டிக்கிருது. வளஞ்சிருக்கது காய்தான் சார். எறும்பு நேராத்தான் போச்சு."

"கண்காட்சி வைக்கிறமா, காய்கறிக் கடை வைக்கிறமா?" என்றார் சார்.

எல்லோரும் சிரித்தோம். மதியம் காய் சத்துணவுக் கூடத்துக்குப் போய்ச் சாம்பாரானது. நானும் சாப்பிட்டேன். பல வருஷங்களுக்குச் சார்பியல் கோட்பாட்டோடு எனக்கிருந்த மிக நெருங்கிய தொடர்பு அதுதான்.

விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. எனக்குக் குரல் இருந்தது, மனப்பாடம் இருந்தது, ஆண்பிள்ளையாகவும் இருந்தேன். தெய்வானைக்கு வந்தது படுதாவின் நாலாவது மூலை.

அவளுக்கு அந்தக் கண்காட்சி வேறு விஷயம். பத்து முடித்ததும் அறிவியல் பிரிவு படிக்கப் புதுக்கோட்டை விடுதிக்கு அனுப்புவதா, நிறுத்திக் கடலைக் கொல்லை வேலைக்கு அழைத்துக்கொள்வதா என்று அவள் அப்பா அடைக்கலம் இன்னும் முடிவு செய்யவில்லை. "வந்து பாக்குறேன் ஆத்தா. ஒனக்கு என்ன வெளங்கியிருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னபடி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் முழங்கி முடிக்கும்வரை கைகட்டி நின்று கேட்டார்.

"ஏன் அப்பு, குண்டு கனத்துல படுதா குழிஞ்சிருச்சு, சரி. கோலி எதுக்குக் குழிக்குள்ள எறங்குது? கீழேருந்து பூமி இழுக்குறதாலதானே? அந்த இழுப்பு என்னன்னு காட்டத்தானே இம்புட்டும் பண்ணியிருக்கீக? இழுப்பக் காட்ட இன்னொரு இழுப்பு வேணும்னா, காட்டுன மாதிரியா?"

நான் அதற்கு அப்புறம் சந்தித்த எத்தனையோ படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. ஒரு பார்வையில் அந்த வித்தையின் முதுகெலும்பை முறித்துப் போட்டிருந்தார் மனிதர். எங்கள் கண்காட்சிகளில் ஒரு வழக்கம் உண்டு: நடுவில் யாராவது குறுக்கிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர வராது, முதலிலிருந்துதான் வரும். நான் குச்சியைத் தூக்கி, "அனைவருக்கும் வணக்கம்" என்றேன்.

"வணக்கமெல்லாம் ஆயிருச்சு அப்பு. கேட்டதுக்குச் சொல்லு."

"அதெல்லாம் ஒங்களுக்குப் புரியாதுங்க" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பதினைந்து வயதுக் கழுதை, தனக்குத் தெரியாததைப் பிறருக்குப் புரியாதது என்று மாற்றிச் சொல்ல எவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்கிறது பாருங்கள்.

"அப்பா, அது வந்து..." என்று வாயெடுத்தாள் தெய்வானை.

"ஏய், மூலையக் கெட்டியாப் புடி! குண்டு உருண்டுரப் போகுது" என்று அதட்டினார் சார்.

அவள் பிடித்துக்கொண்டாள். அடைக்கலம் மகளையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த எடத்துல ஒரு கம்ப ஊனுனாப் போதாதுங்களா சார்? இதுக்கா எம்புள்ள இம்புட்டு நாளு வந்துச்சு?"

"பார்த்தவுங்கள்லாம் நகருங்க" என்றார் சார்.

அவர் நகர்ந்தார். கண்காட்சி முடிந்ததும் படுதாவை உதறி மடித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு போனார். தெய்வானை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாள், என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினாள், அத்தோடு சரி. எனக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடைத்தது. அதில் கல்லூரிக்குத் தயிர்சாதம் கொண்டுபோய், இயற்பியலும் படித்தேன், வெட்கக்கேடு.

படித்ததில் ஒன்று புரிந்தது. வளைவில் பெரும்பங்கு காலத்தில் இருக்கிறது. படுதாவில் காலத்துக்கு இடமே கிடையாது. விழுகிற பொருளை எதுவும் இழுக்க வேண்டியதில்லை, அது நேராகத்தான் போகிறது, நேர் என்பதுதான் வளைந்துகிடக்கிறது. அதாவது சாம்பாரில் போட்டது சரியான விளக்கம், மேடையில் ஏற்றியது தப்பான விளக்கம். பாமரனுக்கு இது போதும் என்று ஒருவன் முடிவு செய்கிற இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கேட்டவர் பாமரர் இல்லை; சொன்னவன் பாமரன்.

சென்ற மாதம் புதுக்கோட்டையில் ஒரு அரங்கில் "எளிய இயற்பியல்" பேச்சு. படுதா போய்ப் பளபளவென்று இழுபடுகிற துணி வந்திருந்தது. அதே குண்டு, அதே குழி, அதே முழக்கம். ஒரு கேள்வியும் எழவில்லை. எல்லோரும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்தவர், "நல்லாப் பேசுறாருல்ல?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கறம்பக்குடிக்குப் பஸ் ஏறினேன். கண்காட்சி நடந்த ஓட்டுக் கட்டடம் இல்லை. கடலைக் கொல்லைகளில் பாதி தைலமரக் காடாகிவிட்டது. அடைக்கலம் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டதாம். தெய்வானை கடைவீதியில் விதைக்கடை வைத்திருக்கிறாள். அடையாளம் தெரிந்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் கேட்பதற்கு முன் பின்னணி சொல்ல வேண்டியிருந்தது. சார் செய்த அநியாயம், கல்வி முறையின் கோளாறு, காலம் எப்படி வளைகிறது, அவள் அப்பாவின் கேள்வி ஏன் மகத்தானது, பரங்கிக்காய் ஏன் அதைவிட மகத்தானது என்று அரைமணி நேரம் போனது. இரண்டு மூன்று முறை அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் கையமர்த்திவிட்டுத் தொடர்ந்தேன். கடைசியில், "ஒன் வாய அன்னைக்கு அடைச்சிட்டோம் தெய்வானை" என்று முடித்தேன்.

அவள் விதைப் பொட்டலத்தின் வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்து முடித்தாள்.

"இப்பவும் நீங்கதாங்க பேசிக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.