நான் அழித்த ஒரு வரி

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு ஒரு போன் வந்தது. கூட வேலை பார்க்கும் நூர்ஜஹான் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, ஒரத்தநாட்டு ரைஸ்மில்லுலேருந்து செல்வராணி பேசுறேன். களத்துல நெல்லு காயப்போடுற ஆளு. பதினோரு வருஷமா இருக்கேன். இன்னைக்கு போன்ல பார்த்தா சர்வீஸ் பூஜ்யம்னு காட்டுது. என் பதினோரு வருஷம் எங்கம்மா போச்சு?"

நூர்ஜஹான் முகம் வெளுத்துவிட்டது. எங்கே போனதென்று எனக்குத் தெரியும்!

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாராவாரம் ஊரில் பாதிப் பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். இந்த வாரம் என்னைப் பற்றி.

தஞ்சாவூரில் ஒரு சின்ன கம்பெனி எங்களுடையது. ரைஸ்மில், பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை என்று பல இடங்களின் சம்பளப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர் செய்கிறோம். அதை எப்படி இயக்குவது என்று கையேடு எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடம் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன்... வீட்டில் அதைத்தான் விரும்புகிறார்கள்.

இப்போது மில் முதலாளிகள் சாஃப்ட்வேரைத் தொடுவதே இல்லை. ஏஐ ஏஜென்ட்டிடம் வாயால் சொல்கிறார்கள். அது எங்கள் சாஃப்ட்வேரிடம் வேலை வாங்குகிறது. ஆளைச் சேர்க்க ஒரு கட்டளை (ஏபிஐ மெத்தட் என்கிறார்கள்), வருகையைப் பதிய ஒன்று, நீக்க ஒன்று. எது என்ன செய்யும் என்று ஏஜென்ட்டுக்குப் புரிகிற மாதிரி யாராவது எழுதிவைக்க வேண்டும் அல்லவா? அதற்கு வந்தவர்தான் நூர்ஜஹான். மன்னார்குடிக்காரர், நாற்பது வயது. கணவரோடு துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர்.

நன்றாக எழுதினார். அதுதான் பிரச்சினை.

என் கையேடு நானூறு பக்கம். அதை வாங்கிய அத்தனை பேரும் தினமும் எனக்கு போன் செய்வார்கள். "சம்பளச் சீட்டு எப்படி சார் எடுக்குறது?" பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்பேன். "அதெல்லாம் யாரு சார் படிக்கிறது? நீங்களே சொல்லிடுங்க."

நூர்ஜஹான் ஐந்து வரி எழுதுவார். ஏஜென்ட் ஒரு சொல் விடாமல் படிக்கும். படித்தபடியே செய்யும். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? அவருடைய சம்பளத்தின் மேலோ பதவியின் மேலோ எனக்குப் பொறாமை இல்லை. அவருக்கு வாய்த்த வாசகர் மேல் பொறாமை. எழுபத்தொரு வயதில் — ஒரு மெஷின் இன்னொருவர் எழுத்தைப் படிக்கிறதே என்று வயிறு எரிந்தேன்.

போன மாதம் அவருடைய பக்கங்கள் சரிபார்க்க என்னிடம் வந்தன. 'நீக்கு' என்ற மெத்தட்டுக்கு, 'தொழிலாளியைப் பட்டியலிலிருந்து எடுக்கும்' என்று எழுதியிருந்தார். தப்பில்லை. ஆனால் போதாது.

சம்பா அறுவடை முடிந்து நெல்வரத்து குறைந்ததும் எங்கள் பக்கத்து மில்களில் களத்து ஆட்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். குறுவை நெல் வந்ததும் அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். இதற்கு 'நீக்கு' போடவே கூடாது. போட்டால் சர்வீஸ் மொத்தமும் அழிந்துவிடும். 'இடைநிறுத்து' என்று தனியாக ஒன்று இருக்கிறது. எந்த மில் கிளார்க்கைக் கேட்டாலும் சொல்வார். துபாயிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? நான் மில் மில்லாக உட்கார்ந்து கற்றது அது.

எழுதினேன். 'பருவம் முடிந்து நிற்கும் ஆட்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி அறையிலிருந்து குரல். "நூர்ஜஹான் எழுதுனா ஏஜென்ட் ஒரே தடவையில புடிச்சுக்குதுய்யா! இத்தனை வருஷம் நாம என்னத்த எழுதிக்கிட்டிருந்தோம்?"

அந்த வரியை அழித்தேன்.

"சார், ஏதாவது விட்டுப்போயிருக்கா?" என்று கேட்டார் நூர்ஜஹான்.

"எல்லாம் சரியா இருக்கும்மா."

அவ்வளவுதான் நடந்தது. ஒரத்தநாட்டு மில் முதலாளி, அடுத்த அறுவடை வரை களத்து ஆட்களைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஏஜென்ட், படித்தபடியே முப்பத்துநான்கு பேரையும் நீக்கிவிட்டது.

செல்வராணி போனை வைத்த அரைமணி நேரத்தில் எங்கள் முதலாளி இருவரையும் கூப்பிட்டார். நூர்ஜஹானைப் பார்த்து, "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? பேசாம இந்த வேலையை பெங்களூர்ல யார்கிட்டயாவது குடுத்துடலாம்னு தோணுது" என்றார். நூர்ஜஹான் தலைகுனிந்து நின்றார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் மேஜைக்குப் போனேன்.

"நூர்ஜஹான், ஒரு விஷயம்..."

அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். 'நீக்கு' பக்கத்தின் பழைய மாற்றங்கள் வரிசையாக இருந்தன. என் பெயர், நான் சேர்த்த வரி. கீழே மறுபடி என் பெயர், அதே வரி சிவப்பில், குறுக்கே கோடு. நடுவில் இரண்டு நிமிடம்.

சாஃப்ட்வேருக்குக் கையேடு எழுதியே வாழ்ந்தவனுக்கு, அது அழித்ததையும் சேர்த்துவைக்கும் என்பது மறந்துவிட்டது!

"எப்பப் பார்த்தீங்க?"

"அந்தம்மா போனை வெச்ச உடனே."

"மீட்டிங்ல ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன் சார்."

நேராக முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னேன். என்னைவிட இருபது வயது சின்னவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவார். "ஏண்ணே? உங்களுக்கு இங்க யாரு என்ன குறை வெச்சா?"

யாரும் வைக்கவில்லை. அதுதான் அவமானம்.

பெங்களூர்ப் பேச்சு அத்தோடு நின்றது. பழைய நகலிலிருந்து முப்பத்துநான்கு பேரின் வருடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றினோம். இரண்டு நாள் ஆனது. நான் படித்துச் சொல்ல, நூர்ஜஹான் சரிபார்த்தார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை!

வியாழக்கிழமை செல்வராணிக்கு நூர்ஜஹானே போன் செய்தார். "வந்துடுச்சும்மா, பதினொன்னும் வந்துடுச்சு" என்றது செல்வராணியின் குரல். யாரால் போனது என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. நூர்ஜஹானும் சொல்லவில்லை.

கிளம்பும்போது சொன்னேன். "இனிமே உங்க பக்கங்களை வேற யாராவது பார்க்கட்டும்மா. நான் வேண்டாம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"நீங்கதான் சார் பார்க்கணும். நீங்க எதை அழிக்கிறீங்கன்னு பார்த்தாலே போதும்... எது முக்கியம்னு எனக்குத் தெரிஞ்சிடும்."