பத்துக்கு இரண்டு

கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை கல்முனைக்கு வந்த அந்த டொக்டரை எனக்கு அறவே பிடிக்காது. வந்து இறங்கும்போதே நாங்கள் ஏதோ பிழை செய்துவிட்டது போல ஒரு முகம். முழங்கால் நோவு பற்றிய ஆய்வு அவருடையது. இடுப்பெலும்பிலிருந்து உயிரணுக்களை எடுத்து, தேய்ந்த மூட்டுக்குள் ஊசியால் ஏற்றி, பலன் தருகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு ஆள் தெரிவு செய்யும் படிவத்தை நிரப்புவது என் வேலை. நோவு பத்துக்கு எத்தனை என்று கேட்பேன். ஐந்துக்குக் குறைந்தால் ஆய்வில் இடமில்லை, வீட்டுக்குப் போகலாம்.

ஆள் எடுக்கும் கடைசி நாள், எனக்கு மூத்தவளான என் ராத்தாவைக் கூட்டிப் போனேன். மூன்று வருடமாகக் கதிரையில் இருந்துதான் தொழுகிறாள். நெற்றியை நிலத்தில் வைக்க முடியவில்லையே என்று அழுவாள். குசினியில் சமைத்துக்கொண்டு நின்று, "இந்தக் கால வெட்டி எறிங்கடி" என்று கத்துவாள்.

என் சொந்தக்காரி என்பதால் நோவு எத்தனை என்று டொக்டரே கேட்டார். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ் தந்தத குறை சொல்லப்படா. ரெண்டு போட்டுக்கங்க."

அவர் இரண்டு என்று எழுதினார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"ஸ்கேனப் பாருங்க டொக்டர், குருத்தெலும்பு தேஞ்சு கிடக்கு. இவ பொய் சொல்றா. நோகுது எண்டா அல்லாஹ்வக் குறை சொன்ன மாதிரி ஆகிடும் எண்டு பயம். எங்கட பொம்புளைகள் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க. உங்களுக்கு இதெல்லாம் எங்க விளங்கும்?"

"எல்லாருமா?" அவர் பேனையை வைத்தார். "அப்ப இவ்வளவு நாளும் உங்கட்ட அல்ஹம்துலில்லாஹ் சொன்னவங்களுக்கு நீங்க என்ன எழுதினீங்க?"

ராத்தாவுக்கு எழுதிய இரண்டு மாறவில்லை. அன்றோடு ஆள் தெரிவு முடிந்தது. ஓட்டோவில், "ஊருக்கு முன்னால என்னப் பொய்காரி ஆக்கிட்டாய்" என்று வரும் வழியெல்லாம் ஏசினாள். டொக்டரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அவர் கேட்டது சரி என்பதால் இன்னும் கூடுதலாக.

அதற்கு முந்தின மாதம் மருதமுனையிலிருந்து தறி நெய்கிற ஒருத்தி வந்திருந்தாள். தறி மிதித்து மிதித்து முழங்கால் வீங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றாள், நான் ஒன்று என்று எழுதினேன். எழும்ப முடியாமல் என் மேசையைப் பிடித்தாள். மேசை ஆடாமல் நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.