வாசற்படியும் நான் நட்ட மரமும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அக்காவின் கணவரான மச்சானும் பிள்ளைகளும் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. அதில் ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. "திடீர் தலைச்சுற்றலால் வாசலில் விழுந்து நோய்வாய்ப்பட்டார்" என்ற வரியை மாற்றச் சொல்லி அவரது ஒரே தம்பியாகிய நான் கேட்டேன். மச்சான் ஒப்பவில்லை.

"ஒங்கக்கா சொன்னத நான் மாத்த மாட்டேன். நீ வேணும்னா ஒன்னோட பக்கத்துல எழுதிக்க" என்றார்.

ஆகவே என்னுடைய பக்கத்தில் எழுதுகிறேன். அக்காவுக்குத் தலை சுற்றவில்லை. நான் நட்டு, வெட்ட விடாமல் வைத்திருந்த மரத்தின் கீழே, பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தார்.

அக்கா பிறந்தது வட்டவளைக்குக் கீழே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஆறாவது காம்பராவில். அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. அப்பாவுக்கு அப்போதே நெஞ்சில் இளைப்பு. அக்கா பள்ளிக்கூடப் புத்தகங்களை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனார். போகாதே என்று சொல்லும் நிலையில் வீட்டில் யாரும் இல்லை. நான் ஹட்டனுக்குப் படிக்கப் போனதும், சப்பாத்து போட்டதும், பிறகு கொழும்புக்குப் போனதும் அவர் நனைந்த நனைவில்தான்.

நனைவு என்று சொல்வது சும்மா அல்ல. எங்கள் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் அக்கா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அந்த மழையில் நின்றார். வீட்டுக்கு வந்தால் ஈரத் துணி, ஈர விறகு, ஈரச் சுவர். அட்டை கடித்த காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டே மழையைத் திட்டுவார். அந்தத் திட்டை இங்கே எழுத முடியாது. கேட்டவர்கள் நினைத்துச் சிரித்துக்கொள்ளுங்கள். நகை வேண்டும், ஊர் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டு நான் அறியேன். "காஞ்ச எடத்துல கொஞ்ச நேரம் குந்தணும் தம்பி, அவ்வளவுதான்" என்பார்.

யாருக்கும் பயப்படாதவர். மலையில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கூடையைத் தூக்க முடியாமல் நின்றால், வேலை வாங்கும் கங்காணி பார்க்கப் பார்க்கவே அதைத் தன் தலைக்கு மாற்றிக்கொள்வார். மச்சானைக் கட்டி, கௌரியையும் அவள் தம்பியையும் பெற்று, அப்பாவைக் கடைசிவரை பார்த்து, என் கல்யாணத்தையும் நடத்தி வைத்தார். எல்லாரையும் கேலி செய்வார். நான் லீவில் வந்தால், "பாதைய விடுங்கப்பா, தொரை வாறாரு" என்று லயத்துக்கே கேட்கும்படி கத்துவார்.

பிறகு லயத்துக்கு எதிர்மேட்டில் எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. வீட்டுக்கு அளவு போட்ட அன்று, வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். காலை வெயில் படியில் விழும். படியில் இருந்தால் பள்ளத்துக்கு அப்பால் பழைய லயம் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மழை விட்ட காலை வேளைகளில் தேத்தண்ணியோடு அந்தப் படியில் இருந்துகொண்டு, எதிர்ப்பக்கத்துப் பெண்களோடு கத்திக் கத்திப் பேசுவார். எனக்குத் தெரிய, அக்கா ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது அந்தப் படி ஒன்றைத்தான்.

அதன் முன்னால்தான் நான் மரம் நட்டேன்.

என் தொழில் உங்களில் பலருக்குத் தெரியும். கொழும்பில் பெரிய வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் இடத்தில் வேலை. எந்த மண்ணுக்கு எந்த மரம் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வீட்டுக்கு முன்னால் மரம் வைக்க, அழகை மட்டும் பார்த்தால் போதாது. வளர்ந்தபின் எவ்வளவு அகலிக்கும், காற்றுப் போக இடம் இருக்குமா, காலை வெயிலை மறைக்குமா, வேர் எங்கே ஓடும், பழம் உதிர்ந்தால் யார் காலடியில் விழும் என்றெல்லாம் கேட்க வேண்டும். வருடம் முழுக்க இலை அடர்ந்து நிற்கும் மரத்தை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தால் நிலம் காயாது, பாசி பிடிக்கும். இதை எத்தனையோ பேருக்குப் படம் கீறிக் காட்டியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் அக்காவின் படியிலிருந்து ஐந்தடி தள்ளி ஒரு பைக்கஸ் நட்டேன். ஆல மரத்தின் சொந்தம். சின்ன இலை, பளபளப்பு, எங்கே வைத்தாலும் மளமளவென்று அடர்ந்து வரும். என்னைவிட உயரமான கன்றாகப் பார்த்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

"இது எதுக்கு தம்பி வாசல்ல? ஒரு கொய்யாவ பின்னால வச்சாலும் பிள்ளைக திங்கும்" என்றார் அக்கா.

"நெழலுக்கு அக்கா. பாருங்க, வளந்தா வீடே அழகாயிரும்."

நிழலுக்கு என்றது பொய். மாதத்தில் பாதி நாள் வெயிலே காணாத ஊரில் நிழல் யாருக்கு வேண்டும்? என் முதலாளி என்றாவது குடும்பத்தோடு மலைநாட்டுப் பக்கம் வருவதாகச் சொல்லியிருந்தார். வழியில் எங்கள் வீட்டுக்கும் வருவார். வாசலில் நின்றால் எதிரே லயம் தெரிகிறது. தகரக் கூரையும், கூரையில் வைத்த கல்லும், வரிசையாகக் காயும் துணியும் தெரிகின்றன. நான் அங்கே பிறந்தவன் என்பது அவருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். லயத்தை மறைக்கத்தான் மரம் வைத்தேன். அந்த லயத்து உறவுகளும் இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் எழுத்தில் சொல்கிறேன். மன்னியுங்கள்.

இரண்டு வருடத்தில் மரம் நான் நினைத்தபடியே வந்தது. முதலாளி வந்தார், மரத்தடியில் நின்று படம் எடுத்தார், "அருமையான இடம்" என்றார். அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். லயத்தை அவர் பார்க்கவே இல்லை. அன்றைக்கு நான் பட்ட பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு படி காயவில்லை. இலையும், மிளகு அளவுப் பழமும் நாள் முழுக்க உதிர்ந்து படியில் நசுங்கிக் கிடக்கும். அதன்மேல் மழை, அதன்மேல் பாசி. அக்கா தேங்காய்ப் பொச்சால் தேய்ப்பார், பிளீச்சிங் பவுடர் போடுவார். ஒரு வாரத்தில் திரும்பவும் பச்சை. துணி காயப்போடுவதைப் பின்பக்கத்துக்கு மாற்றினார். படியில் உட்காருவதை விட்டுவிட்டார். அதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. டெலிபோனில் பேச்சோடு பேச்சாகச் சொல்வார்.

"தம்பி, வாசல் காயவே மாட்டேங்குது. ரெண்டு கொப்ப கழிச்சி விடவா?"

"வேணாம் அக்கா. கண்டபடி வெட்டினா மரத்தோட வடிவு போயிரும். நான் வந்து பாக்குறேன்."

"மலையிலயே மழைக்கு முன்னால நெழல் மரத்த கழிச்சிதானே விடுறாங்க. இல்லாட்டி கொழுந்துல கொப்புளம் விழுந்துரும்ல? செடிக்கே வெயில் வேணும்டா."

தேயிலை மலையில் வேலை செய்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. பெருமழை தொடங்குமுன் நிழல் மரக் கொப்புகளை வெட்டி வெளிச்சம் விடுவார்கள். விடாவிட்டால் இலை ஈரத்திலேயே நின்று நோய் பிடிக்கும். ஏட்டில் படித்த எனக்கு அதை அக்கா சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. "அது தேயிலை அக்கா, இது வேற" என்றேன்.

மச்சானிடம் கத்தி இருந்தது, கை இருந்தது. அரை மணி நேர வேலை. அக்காதான் விடவில்லை. "தம்பி வச்ச மரம், அவன கேக்காம தொடக்கூடாது" என்றாராம். என்னைக் கேட்டார். மூன்று வருடம் கேட்டார்.

கடைசியாகக் கேட்டது சித்திரை வருடப் பிறப்புக்கு நான் வந்தபோது. தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி, வாசல் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்.

"கத்தி தீட்டி வச்சிருக்கேன். நீயே ஒன் கையால கழிச்சி விட்டுட்டுப் போ தம்பி. எதிர்த்தாப்புல உள்ளவங்க மூஞ்சியும் தெரியல, சத்தம் மட்டுந்தான் கேக்குது."

நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். அடுத்த மாதம் ஆள் கூட்டிவந்து முறையாகச் செய்கிறேன் என்றேன். அடுத்த மாதம் ஒரு ஹோட்டல் வேலை வந்தது. அங்கே மாமரம் சன்னலை மறைக்கிறது என்று நானே நின்று கழித்துக் கொடுத்தேன். ஊருக்குப் போகவில்லை. அதற்குள் பெருமழை தொடங்கிவிட்டது.

ஆனி மாதத்து ஒரு காலை, கௌரி டெலிபோனில் பேசினாள். அக்கா படியில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, கேட்காமலே அக்கா சொன்னார்: "தல சுத்திருச்சிடா. வயசாகுதுல்ல."

நான் நம்பினேன். அப்படிச் சொல்வதும் பாதிதான் உண்மை. கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் அவர் கட்டியிருந்த சேலை கிடந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பச்சை அப்பியிருந்தது. என்ன பச்சை என்று எனக்குத் தெரியாதா? பையை மடித்துக் கௌரியிடம் கொடுத்துவிட்டு, தலைச்சுற்றலுக்கு என்ன மருந்து என்று டாக்டரை விசாரிக்கப் போனேன்.

அதன்பின் அக்கா நடக்கவில்லை. முன்சன்னல் ஓரம் கட்டில் போட்டோம். ஒன்பது மாதம் அந்தச் சன்னல் வழியே இலையைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார். மாதம் ஒருமுறை பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போவேன். ஒருநாள், "மரம் நல்லா வந்திருக்கு தம்பி" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒன்பதாம் மாதம் சளி நெஞ்சில் இறங்கி, மூன்றாம் நாள் காலையில் மச்சானின் கையைப் பிடித்தபடி போய்விட்டார்.

உண்மை வெளியே வந்தது போன மாதம். நான் ஊருக்குப் போயிருந்தபோது, முதல் பக்கக் குறிப்பைக் கௌரி கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். தலைச்சுற்றல் என்ற இடத்தில் கையை எடுத்துவிட்டாள்.

"என்ன கௌரி?"

"இத அடிக்க எனக்கு கை வரல மாமா. அம்மாவுக்கு தல சுத்தல. பாசியில வழுக்கிருச்சி. 'மாமாகிட்ட சொன்னா அவன் ஒடஞ்சி போயிருவான்'னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க. லயத்துல கேட்டவங்ககிட்டயும் தல சுத்துனுச்சின்னுதான் சொன்னாங்க."

நான் எழுந்து வெளியே போனேன். மரத்தை வேரோடு தோண்டி எறிய வேண்டும் போல இருந்தது. மண்வெட்டியோடு நின்ற என்னை மச்சான் தடுத்தார்.

"வேர்ல கைய வைக்காத. அவ கேட்டது கொப்பத்தான்."

கவ்வாத்துக் கத்தி வாசல் சுவரோரம் அதே இடத்தில் இருந்தது. துரு ஏறியிருந்தது. தீட்டிக்கொண்டு மரத்தில் ஏறினேன். ஒவ்வொரு கொப்பும் விழ விழ எதிரே தகரக் கூரை தெரிந்தது, துணி தெரிந்தது, பிறகு ஆறாவது காம்பராவின் கதவு தெரிந்தது. அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அட, அக்கா வூட்டு வாசல் தெரியுது!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். நான் மரத்தில் இருந்தபடியே அழுதேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வேலை முடிந்துவிட்டது.

படி காய்வதற்குப் பத்து நாள் ஆயிற்று. பாசி கறுத்துச் சுருண்டது. பொச்சால் தேய்த்ததும் உதிர்ந்துவிட்டது. மூன்று வருடம் அக்கா கேட்டது இந்தப் பத்து நாளைத்தான்.

நன்றி சொல்ல வேண்டும். விழுந்த அன்று கொட்டும் மழையில் அக்காவைக் கம்பளியில் வைத்து ரோட்டுவரை தூக்கிச் சென்ற கீழ் லயத்து இளைஞர்களுக்கு நன்றி. கடையை அப்படியே போட்டுவிட்டு வேனை எடுத்துவந்த முஸ்லிம் கடைக்கார நானாவுக்கும், வார்டில் இரவு பகல் பாராமல் தூக்கிப் புரட்டிப் பார்த்துக்கொண்ட சிங்களத் தாதிக்கும், எங்கள் அக்காவைத் தானும் அக்கா என்றே கூப்பிட்ட அவரது அன்புக்கும் நன்றி. ஒன்பது மாதம் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி சொல்ல எனக்கு வாயில்லை. அக்கா சொன்னதை நம்பியும், நம்பாதவர்கள் நம்பியதுபோல் இருந்தும், என்னை ஒரு வார்த்தை கேட்காத உங்கள் எல்லாருக்கும் நன்றி.

அக்கா விழுந்ததிலிருந்து நீங்கள் எல்லாரும் பின்பக்கக் குசினி வழியாகச் சுற்றித்தான் எங்கள் வீட்டுக்குள் வருகிறீர்கள். திதியன்று அப்படி வர வேண்டாம். முன்வாசலாலேயே வாருங்கள். காலையிலேயே வந்தால் கொஞ்ச நேரம் உட்காரலாம், படி காய்ந்திருக்கிறது.