படகு கரையேறும் முன் ஒரு வாய்

அடுத்த வீட்டுச் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸேறி, மாமல்லபுரத்துப் பக்கம் குப்பம் குப்பமாகப் போய், கீரை தின்றீர்களா, பயறு தின்றீர்களா என்று கேட்கிற சத்துணவு வேலை. பெற்ற பிள்ளைகளே கேட்காத பேச்சை ஊரார் கேட்க வேண்டுமே என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்கு என் பாடு புரியும்.

அடை தீரும் வரை

நெம்மேலிக்குப் பக்கத்துக் குப்பத்தில் முதல் வகுப்பு. வலை பின்னுகிற கொட்டகையில் அடுப்பு மூட்டி, முருங்கைக்கீரை அடை சுட்டுக் காட்டினேன். கூட்டம் நல்ல கூட்டம். தட்டில் அடை இருக்கும்வரை நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். கடைசி அடை தீர்ந்ததும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். இருங்கம்மா, இதில் என்ன சத்து என்று இன்னும் சொல்லவேயில்லையே என்றேன். கூடையில் மீன் விற்கிற முனியம்மா மட்டும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"சத்துதான் வவுத்துக்குள்ள போயிடிச்சே, அத்த இன்னாத்துக்கு வாயால வேற சொல்லிகினு கீற?"

டப்பாவும் நெத்திலியும்

அந்த முனியம்மாவின் மருமகள் செல்விக்கு அப்போது ஆறாம் மாசம். உடம்பில் ரத்தம் குறைச்சல். பரிசோதனையில் ரத்த அளவு பத்து கிராமைத் தொட்டால் பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே பிரசவம், தொடாவிட்டால் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரி என்று நர்சம்மா சொல்லிவிட்டார். செல்விக்கு அந்தத் தூரத்தை நினைத்தாலே நடுக்கம். தலைப்பிரசவத்தில் போகிற வழியில் வண்டியிலேயே வலி முற்றி, தாயும் பிள்ளையும் தப்பியதே பெரிய காரியம்.

முனியம்மா ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. விளம்பரத்தில் வருகிற சத்துமாவு டப்பாவாக வாங்கி வரிசையாக அடுக்கியிருந்தாள். கீழே கூடையிலோ பளபளவென்று நெத்திலி. அதில் ஒரு பிடி எடுத்து மருமகளுக்கு வறுத்துக் கொடேன் என்றேன். விற்காமல் மிஞ்சினால் நாங்கள் தின்கிற மீனை மாசமாக இருக்கிறவளுக்குப் போட்டால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள் என்று கேட்டாள். முள்ளோடு மெல்லுகிற இந்தப் பொடிமீன் டப்பாவைவிட ஒசத்தி என்று நான் சொல்லச் சொல்ல, அவள் முகத்தில் சந்தேகம்தான் ஏறியது.

"அப்ப டீவில வர்ற அந்தம்மா ஏன் நெத்திலிய கையில புடிச்சிகினு சிரிக்கல?"

வாசலில் ஒரு டீ டம்ளர்

ஒரு வழியாக நெத்திலி சட்டிக்கு வந்தது. ஆனால் அடுத்த மாசம் ரத்தம் பார்த்தால், இருந்த இடத்திலேயே இருக்கிறது. மீன் தின்கிறாயா என்றால் தின்கிறேன் என்கிறாள். நர்சம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாயா என்றால் போடுகிறேன் என்கிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒருநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துச் சொல்லாமல் போய் நின்றேன்.

செல்வி வாசலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டீ டம்ளர். போன மழைக்காலத்தில் படகு கவிழ்ந்து புருஷன் நீந்திக் கரை சேர்ந்தானாம். அன்றிலிருந்து அவன் படகு கரையேறும்வரை பருக்கை தொடுவதில்லை என்று வேண்டுதல். சில நாள் உச்சிவெயில் ஆகிவிடும். அதற்குள் பசி செத்துப்போய், கொறிப்பதோடு சரி. மாத்திரையும் அந்த டீயில்தான் உள்ளே போகிறது. டீ அந்த மாத்திரையின் சத்தை உடம்பில் ஒட்டவிடாது, தண்ணீரில் விழுங்கு என்றேன், உடனே ஒப்புக்கொண்டாள். வேண்டுதலை விடு என்று எந்த வாயால் சொல்வேன்? நானே வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை பட்டினி இருக்கிறவள். பிள்ளைத்தாச்சி சாப்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவள் கண்ணைக் கடலைவிட்டு எடுக்கவில்லை.

"சாமி கோச்சிக்காது மா. கடலு கோச்சிக்கும்."

விரதம் கைமாறியது

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மனிடம் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் வழி காட்டிவிட்டாள். என் பையனுக்கு அம்மை போட்டபோது அவனுக்காகத் தீ மிதித்தது யார்? நான்தானே. மறுநாளே போய் மாமியார், மருமகள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன்: வேண்டுதலை இன்னொருத்தர் ஏற்றுக்கொள்ளலாம், பிரசவம் ஆகும்வரை செல்விக்குப் பதிலாக நான் காலையில் சாப்பிடாமல் இருக்கிறேன். முனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்தாள். ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, நெத்திலிக் குழம்பை ஊற்றி, மருமகள் முன்னால் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என் புள்ளைக்குப் பட்டினி கெடக்க நீ யாரு? பெத்தவ நான் கீறேன். ஏ செல்வி, நீ துன்னு."

வெள்ளிக்கிழமை விருந்து

மெல்ல மெல்ல ஏறி, கடைசி மாசம் ரத்தம் பத்தைத் தாண்டியது. பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே சுகப்பிரசவம், பெண் குழந்தை. பார்க்கப் போன நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. படகு இன்னும் வரவில்லை. செல்வி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த வேண்டுதல் இனி என்னுது என்று முனியம்மா திருப்பிக் கொடுக்கவே இல்லையாம். அவள் ஒரு தட்டு நிறைய நெத்திலி வறுவலை என்னிடம் நீட்டினாள். இன்றைக்கு விரதம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஊருக்கெல்லாம் துன்னு துன்னுன்னு சொல்லிகினு திரியிற, உன் வவுத்துக்கு யாரு மா வகுப்பு எடுக்கறது?"

அன்று காலை ஒருத்தி வயிறார உண்ண, அவளுக்குச் சோறு போட்டவளும் சத்துணவு சொல்லிக் கொடுத்தவளும் காய்ந்த வயிற்றோடு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம் என்பதுதான் எங்கள் வேலையின் இதுவரைக்குமான முன்னேற்றம்.