அழைப்பிதழில் எந்தப் பள்ளிக்கூடம்

1. பதினான்கு வயதில் என்னால் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாமல் போனது. வாசல்வரை போவேன். மணி அடித்ததும் பயத்தில் திரும்பிவிடுவேன்.
2. பல மாதங்களுக்குப் பிறகு உள்ளூர் கவுன்சில் என்னை ஒரு சிறிய மாற்றுப் பள்ளிக்கு அனுப்பியது. அதுவும் அரசுப் பள்ளிதான்.
3. அம்மா அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.
4. இப்போது நான் ரயில் சிக்னல் பொறியாளர். லண்டன் ஹரோவில் நான் படித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, பரிசளிப்பு விழாவில் பேச அழைத்திருக்கிறது. அழைப்பிதழில் போடுவதற்கு நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டுமாம்.

மூன்றாவதை விளக்க வேண்டும். சிறிய பள்ளியில் சீருடை இல்லை. ஆனாலும் தினமும் பழைய பள்ளிக்கூடத்தின் பச்சை பிளேசரைப் போட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்கினேன். "எதிர்வீட்டு அன்ரி ஜன்னலிலதான் நிப்பா. பஸ்ஸுக்குள்ள கழட்டு" என்பார் அம்மா. ஒருநாள் கழற்ற மறந்து அப்படியே வகுப்புக்குள் போய்விட்டேன். "மேடம், இன்ஸ்பெக்‌ஷனுக்கா வந்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பில் இருந்த எட்டுப் பேரும் சிரித்தோம்.

இரண்டு பள்ளிகளையும் ஒப்பிட எனக்கு உரிமை உண்டு. இரண்டிலும் இருந்திருக்கிறேன். பெரியதில் ஆய்வுகூடங்கள், இசைக்குழு, முப்பது பேர் கொண்ட வகுப்பு. நான் போகாத நாட்களில் வீட்டுக்குக் கடிதம் வந்தது. சிறியதில் ஆய்வுகூடமே இல்லை. பௌதிகத்தைப் பிறகு கல்லூரியில் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. ஆனால் நான் போகாத நாட்களில் கணித ஆசிரியை ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போன் எடுத்தார். பதினொரு மணிக்கு வந்தாலும் போதும் என்றார். பதினொரு மணிக்குப் போனேன். பிறகு பத்துக்கு. பிறகு ஒன்பதுக்கு.

இரண்டு பள்ளிகளையும் சொல்லி, சிறியதன் பெயரைப் போடும்படி எழுதியிருந்தேன். போன வாரம் தமிழ்ப் பள்ளிச் செயலாளர் போனில் அழைத்தார். அம்மா பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பிள்ளை, பெரிய பள்ளிக்கூடத்தின்ர பேரையே போடுவம். நீர் அங்கையும் படிச்சனீர்தானே."

"படிச்சனான், அங்கிள். ஆனா சோதினை எடுத்தது மற்றதில."

"அது குழப்படிப் பிள்ளையளின்ர இடம் எண்டெல்லோ சனம் சொல்லுது."

"ஓம். நானும் அதில ஒராள்."

அம்மா இடையில் புகுந்தார். "ஒண்டையும் போடாமல் விடுங்கோவன், அண்ணை."

"ஏலாது, அம்மா. பேசிற மற்ற எல்லாருக்கும் போடினம். எனக்குப் போடாட்டி நான் வரமாட்டன்."

பிடிவாதம் என்றார் அம்மா. இருக்கட்டும். காலையில் வாசல்வரை போய்த் திரும்பும் பிள்ளை ஒன்றாவது அந்த மண்டபத்தில் இருக்கும். பக்கத்தில் அதன் தாயும் இருப்பார். அவர்களுக்கு முன்னால் இன்னொரு முறை அந்த பிளேசரைப் போட்டுக்கொண்டு நிற்க நான் தயாரில்லை.

இன்றைய நிலை இதுதான். அழைப்பிதழின் மாதிரி வந்தது. பள்ளிக்கூடத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. மறுபடியும் சிறிய பள்ளியின் பெயரையே நிரப்பி அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. விழாவுக்கு வருவாரா என்று அம்மாவும் சொல்லவில்லை.